மாப்பிள்ளைக்குக் கை அச்சடிக்கும் முன்

கேள்வி: போடிநாயக்கனூரில் சின்னதாக ஒரு லேத் பட்டறை வைத்திருக்கிறேன். என் தங்கை மாப்பிள்ளை மேலே ஏலத்தோட்டத்தில் வேலை பார்த்தவர். போன வருஷம் மரம் அறுக்கும்போது ரம்பத்தில் மாட்டி, வலது கையில் கட்டைவிரல் தவிர நாலு விரலும் போய்விட்டது. புண் ஆறிவிட்டது. செயற்கைக் கைக்கு வெளியே விலை கேட்டால் தலை சுற்றுகிறது. நான் ஒரு 3டி பிரிண்டர் வாங்கியிருக்கிறேன். கை டிசைன்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. அச்சடித்து மாட்டிவிடலாமா? தோட்ட வேலைக்கு உறுதியாக நிற்குமா? எங்கள் தெருவில் விரல்கள் இல்லாமல் பிறந்த எட்டு வயதுப் பையன் ஒருவனும் இருக்கிறான். அவனுக்கும் செய்துதர ஆசை. என்ன காசு வாங்கலாம் என்பதையும் சொல்லுங்கள்.

பதில்: தம்பி, பையனுக்கு அச்சடியுங்கள். மாப்பிள்ளைக்கு வேண்டாம். அவருக்கு வேறு ஒன்று செய்ய வேண்டும். அது இதைவிடச் சுலபம், இதைவிட உறுதி, ஆனால் பார்ப்பதற்குக் கை மாதிரி இருக்காது.

காரணம் சொல்கிறேன். நீங்கள் இறக்கி வைத்திருக்கும் டிசைன்கள் பெரும்பாலும் ஐந்து விரலும் இல்லாத கைக்காக வரைந்தவை. உள்ளங்கை கொஞ்சம் மீந்திருக்கும், மணிக்கட்டு மடங்கும், விரல் ஒன்றுமே இராது. அப்படிப்பட்ட கையின்மேல் ஐந்து பிளாஸ்டிக் விரல்களை ஏற்றி, மணிக்கட்டைக் கீழே மடக்கினால் நூல் இழுத்து விரல்கள் மூடுவதுபோல் அமைத்திருக்கிறார்கள். மாப்பிள்ளையிடம் உயிருள்ள கட்டைவிரல் இருக்கிறது. சூடு, குளிர், வழுக்கல், கூர்மை எல்லாம் அதற்குத் தெரியும். 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்ட அட்டவணையை எடுத்துப் பாருங்கள். நாலு விரலும் போனால் 50 விழுக்காடு, கட்டைவிரல் ஒன்று மட்டும் போனாலே 30 விழுக்காடு என்று போட்டிருக்கும். அத்தனை மதிப்புள்ள விரலின் பக்கத்தில் பிளாஸ்டிக் கட்டைவிரல் ஒன்றை நிறுத்தி, உணர்ச்சியுள்ள உள்ளங்கையையும் உறை போட்டு மூடுவது, இருப்பதையும் பறிப்பதாகிவிடும்.

கட்டைவிரலுக்கு இப்போது இல்லாதது எதிர்ப்பக்கம். அழுத்த வலு இருக்கிறது, எதன்மேல் அழுத்துவது? எனவே உள்ளங்கையின் முனையிலிருந்து முன்னால் நீண்டு, கட்டைவிரல் நுனி வந்து தொடும் இடத்தில் லேசாக உட்பக்கம் வளைந்து நிற்கும் அசையாத ஒரு முட்டு வையுங்கள். நூல் இல்லை, கீல் இல்லை, ரப்பர் இல்லை. அறுந்துபோக அதில் ஒன்றுமே இல்லை. பேனா, டம்ளர், பையின் காது, கதவுத் தாழ்ப்பாள் எல்லாம் கட்டைவிரலுக்கும் முட்டுக்கும் நடுவே அடங்கிவிடும். கை மறுவாழ்வுத் துறையில் வெகுகாலமாகப் பழக்கத்தில் இருக்கும் ஏற்பாடுதான். வீடியோவில் காட்ட அழகாக இராது, அதனால் நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்.

இதை எப்படிச் செய்வது? முதல் நாள் பிரிண்டர் பக்கமே போகாதீர்கள். தடித்த அட்டை, டேப், ஒரு துண்டு மரம் போதும். முட்டைக் கையோடு பிடித்து வைத்துக்கொண்டு மாப்பிள்ளையிடம் மூன்று பொருள்களைக் கொடுங்கள்: ஒரு பேனா, ஒரு டம்ளர், ஒரு மண்வெட்டிப் பிடி. மூன்றுக்கும் இடைவெளி வேறுவேறு என்பது உடனே தெரிந்துவிடும். ஒரே முட்டில் எல்லாவற்றையும் சமாளிக்கப் பார்த்தால் எதற்கும் சரிப்படாது. கையில் கவசமாக மாட்டும் அடித்தளம் ஒன்று, அதில் கழற்றி மாட்டும் முட்டு இரண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். நெருங்கி நிற்பது நுண்வேலைக்கு. வளைந்து அகன்றது கைப்பிடிகளுக்கு.

அடுத்தது அச்சு எடுப்பது. மருந்துக்கடையில் கட்டுப் போடும் பிளாஸ்டர் சுருள் கிடைக்கும். கைக்குத் தேங்காய் எண்ணெய் தடவி, மெல்லிய பருத்தி உறை போட்டு, நனைத்த சுருளை மணிக்கட்டுக்கு மேல்வரை சுற்றுங்கள். சில நிமிடங்களில் இறுகும். கையின் புறப்பக்கமாகக் கத்தரித்துக் கழற்றுங்கள். சுற்றும் முன்பே அந்த இடத்தில் ஒரு ரப்பர் குழாயை வைத்துவிட்டால் கத்தரி தோலில் படாது. உள்ளே பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றினால் மாப்பிள்ளையின் கை உங்கள் மேசைமேல் இருக்கும். ஒவ்வொரு திருத்தத்துக்கும் அவரை மலையிலிருந்து இறக்க வேண்டாம். சூடாக்கி வளைக்கும் வேலை எதுவானாலும் இந்தப் பிளாஸ்டர் கையின்மேல்தான் செய்ய வேண்டும். அவர் கையின்மேல் ஒருபோதும் கூடாது. தழும்பில் உணர்ச்சி குறைந்திருக்கும். சுடுவது அவருக்கே தெரியாமல் போகலாம்.

தெரியாமல் போவது எவ்வளவு பெரிய ஆபத்து என்பதை நம் வேலூரிலேயே கண்டறிந்தார்கள். 1940-களின் இறுதியில் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்யத் தொடங்கிய பால் பிராண்ட், விரல்கள் நோயினால் தானாக உதிர்வதில்லை, வலி தெரியாததால் பட்ட காயங்களினாலும் தீப்புண்களினாலும்தான் தேய்ந்து போகின்றன என்று காட்டினார். அறுவை முடிந்தவர்களுக்காகத் தச்சுப் பட்டறையோடு ஒரு மையமும் அங்கே நடந்தது. கருவியின் கைப்பிடி எங்கே அழுத்துகிறது என்று ஒவ்வொரு கையையும் பார்த்துப் பார்த்துச் சரிசெய்தார்கள். நீங்கள் செய்யப்போவதும் அதே வேலைதான். அழுத்தம் பார்க்க ஒரு வழி உண்டு. கவசத்தின் உட்புறம் லிப்ஸ்டிக்கை மெல்லப் பூசி மாட்டிவிட்டு, ஏதாவது ஒரு வேலை செய்யச் சொல்லுங்கள். கழற்றும்போது தோலில் எங்கே திட்டாக ஒட்டியிருக்கிறதோ அங்கேதான் அழுத்தம். அந்த இடத்தைச் சுரண்டுங்கள், அல்லது சுற்றிலும் பஞ்சு வைத்துத் தூக்குங்கள். முதல் தடவை இருபது நிமிடம் மட்டும் மாட்டட்டும். கழற்றிய பிறகு கால் மணி நேரத்துக்குள் சிவப்பு மறைந்தால் மேலே போகலாம். மறையாவிட்டால் மறுபடி பட்டறைக்கு. புண் வந்தால் அது முழுக்க ஆறும்வரை மாட்டவே கூடாது.

இனி உறுதி. எல்லாவற்றையும் அச்சடித்தே தீர வேண்டும் என்ற ஆசையை விடுங்கள். உங்களிடம் லேத் இருக்கிறது, துளைபோடும் இயந்திரம் இருக்கிறது. முட்டின் உள்ளே எலும்பாக ஒரு அலுமினியப் பட்டி, 3 மி.மீ. கனம் போதும். அதன்மேல் போர்த்துகிற உருவத்தை மட்டும் அச்சடியுங்கள். பிளாஸ்டிக்கில் மரை போடாதீர்கள். எம்5 போல்ட், இருபுறமும் வாஷர், தளராத நைலாக் நட். பட்டைகளுக்குச் செருப்புத் தைப்பவரிடம் போங்கள். தோல் பட்டையும் பக்கிளும் போட்டு அவர் தைத்துத் தருவதற்கு வெல்க்ரோ ஈடாகாது. ஏலத்தோட்டத்துச் சருகும் மண்ணும் அடைந்தால் வெல்க்ரோ சில வாரங்களில் பிடிப்பை விட்டுவிடும். கட்டைவிரல் படுகிற முகத்தில் மிதிவண்டி ட்யூப் ரப்பரை ஒட்டுங்கள். தேய்ந்தால் உரித்துவிட்டு வேறு ஒட்டலாம்.

அச்சடிக்கும்போது கவனிக்க வேண்டியது பொருளைக் கிடத்தும் வாக்கு. விறகு ரேகையோடு பிளப்பதுபோல, அச்சடித்த பொருள் அடுக்குக்கும் அடுக்குக்கும் நடுவேதான் உடையும். முட்டை நிற்கவைத்து அச்சடித்தால் கட்டைவிரல் தள்ளுகிற தள்ளலில் குறுக்காக முறியும். பக்கவாட்டில் படுக்கவைத்து அச்சடித்தால் அடுக்குகள் நீளவாக்கில் ஓடும், தாங்கும். உள்நிரப்பை நூறு விழுக்காடு ஆக்குவதைவிட வெளிச்சுவரை நாலைந்து சுற்றாகக் கூட்டுங்கள். வலு சுவரில்தான் இருக்கிறது. நிரப்பு நாற்பது போதும்.

எந்தப் பிளாஸ்டிக்? பழகுவதற்கு பி.எல்.ஏ. நல்லது. உழைப்பதற்கு இல்லை. 60 டிகிரியை ஒட்டி அது இளகத் தொடங்கும். சித்திரை வெயிலில் போடி பேருந்து நிலையத்துப் பக்கம் நிறுத்தின ஜீப்பின் டேஷ்போர்டுமேல் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனால், திரும்பி வரும்போது வேறு வடிவத்தில் இருக்கும். ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் ஐம்பது டிகிரி சுற்றி ஓடுகிறது. சூடு வரும் குழாய்ப் பக்கம் போனால் அதற்கும் மேல். அங்கே வேலை செய்கிறவருக்கு பி.எல்.ஏ. கவசம் கூடவே கூடாது. 80 டிகிரிவரை தாங்கும் பெட்-ஜி வாங்குங்கள். விலை பெரிதாக வித்தியாசப்படாது, இரண்டுமே கிலோ ஆயிரம் ரூபாயைச் சுற்றித்தான். வேடிக்கை என்னவென்றால், சுருளில் இருக்கும் பி.எல்.ஏ. ஈரம் குடித்துவிட்டால் அதை உலர்த்துவதற்குச் சொல்லும் சூடும் ஏறக்குறைய அந்த ஸ்டோர்ச் சூடுதான். அதற்காக யாருடைய ஸ்டோரிலும் கொண்டுபோய்த் தொங்கவிடாதீர்கள், காயில் நெடி ஏறினது என்று சண்டை வரும். போடிமெட்டுக்கு மேலே மேகம் இறங்கும் மாதங்களில் சுருளை மூடி இறுகும் டப்பாவில் சிலிக்கா பொட்டலத்தோடு வைத்தால் போதும். ஈரம் குடித்த சுருளில் அச்சடித்தால் உள்ளே நுண்குமிழிகள் விழும், வெளியே பார்த்தால் தெரியாது. முறியும்போதுதான் தெரியும்.

தோட்டத்தில் இன்னொரு சங்கதி, மருந்தடிப்பு. ஏலத்துக்கு எத்தனை தரம் மருந்தடிக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். அச்சடித்த பரப்பில் வரிவரியாகப் பள்ளம் இருக்கும். மருந்து அதில் தங்கும், உள்ளே வைத்த பஞ்சு உறிஞ்சும், நாள் முழுக்கத் தோலோடு ஒட்டியிருக்கும். மருந்தடிக்கும் நாளில் கவசம் வீட்டில் இருக்கட்டும். மற்ற நாள்களில் கழற்றியதும் சோப்பு நீரில் கழுவி நிழலில் காயவைக்க வேண்டும். உட்பஞ்சு தனியே கழற்றும்படி இருக்கட்டும், இரண்டு செட் தைத்துக் கொடுங்கள்.

வெட்டுக்கத்தியைக் கவசத்தோடு சேர்த்துக் கட்டித்தரச் சொல்லி மாப்பிள்ளை கேட்பார். எல்லாரும் கேட்பார்கள். முடியாது என்று சொல்லிவிடுங்கள். மலைச்சரிவில் கால் வழுக்கினால் நாமெல்லாம் முதலில் செய்வது கையிலிருப்பதை எறிவது. கட்டிவைத்த கத்தியை எறிய முடியாது, அது அவரோடுதான் உருளும். பிடி, இழுத்தால் நழுவும்படியே இருக்க வேண்டும். கத்தி, அரிவாள் வேலையை இடதுகைக்கு மாற்றட்டும். வலது பிடித்துக்கொள்ளட்டும். பைக் பிரேக்கைக் கவசம் மாட்டிய கையால் பிடிப்பதும் அதே கதைதான். போடிமெட்டு வளைவுகளில் அந்தப் பரிசோதனை வேண்டாம்.

இப்போது அந்தப் பையன்.

நீங்கள் பார்த்த டிசைன்கள் பிறந்ததே இப்படி ஒரு பையனுக்காகத்தான். தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க்கில் ரிச்சர்ட் வான் ஆஸ் என்ற தச்சர் 2011-இல் மேசை ரம்பத்தில் விரல்களை இழந்தார். செயற்கை விரலின் விலையைக் கேட்டுவிட்டு, நானே செய்கிறேன் என்று இறங்கினார். மாறுவேட உடைக்காக இயந்திரக் கை செய்த ஐவன் ஓவன் என்ற அமெரிக்கரின் வீடியோவைப் பார்த்து அவரோடு சேர்ந்துகொண்டார். இடையில் விரல்களில்லாமல் பிறந்த லியாம் என்ற ஐந்து வயதுப் பையனின் தாய் அவர்களை அணுகினார். பையனுக்குச் செய்த கையின் வரைவை 2013 ஜனவரியில் எல்லாரும் எடுத்துக்கொள்ளட்டும் என்று பொதுவில் விட்டார்கள். அதே ஆண்டு அமெரிக்காவில் ஜான் ஷல் என்ற பேராசிரியர் தொடங்கிய இ-நேபிள் என்ற தன்னார்வக் கூட்டம் அதை வளர்த்தெடுத்தது. ராப்டர், ஃபீனிக்ஸ் என்று பெயர் போட்டு நீங்கள் பார்ப்பவை எல்லாம் அந்தக் கூட்டத்தில் வந்தவை.

பையனிடம் முதலில் பார்க்க வேண்டியது மணிக்கட்டு. முப்பது டிகிரியாவது கீழே மடங்க வேண்டும், உள்ளே தள்ளுவதற்கு உள்ளங்கை கொஞ்சமாவது இருக்க வேண்டும். இரண்டும் இருந்தால் ஃபீனிக்ஸ் பொருந்தும். மணிக்கட்டு இல்லாமல் முழங்கை இருந்தால், முழங்கையை மடக்கி இயக்கும் அன்லிம்பிடெட் ஆர்ம் என்ற வரைவு உண்டு. முழங்கைக்கு மேலே போய்விட்டதென்றால் அது வீட்டுப் பிரிண்டரின் வேலை இல்லை.

அளவெடுக்க, இரண்டு கையையும் அளவுகோல் பக்கத்தில் விரித்து வைத்து நேர் மேலிருந்து படம் எடுங்கள். அகலத்தைக் கணக்கிட்டு முழுக் கையையும் ஒரே விழுக்காட்டில் பெரிதாக்குங்கள் அல்லது சிறிதாக்குங்கள். ஒரு பாகத்தை மட்டும் மாற்றினால் எதுவும் எதிலும் சேராது. சிறிதாக்கினால் துளைகளும் சிறுக்கும், ஆணி நுழையாது. துளைகளைக் கடைசியில் துளைபோட்டு அளவுக்குக் கொண்டுவாருங்கள். இழுக்கும் நூலுக்குப் பின்னிய தூண்டில் நூல். ஒற்றை இழை நரம்பு வேண்டாம், அது நீண்டு கொடுக்கும். விரலைத் திரும்ப விரிப்பதற்குப் பல் சீரமைப்பில் போடும் குட்டி ரப்பர் வளையம். நூல் எப்போதும் துளையின் விளிம்பில்தான் அறும். ஊசி அரத்தால் ஒவ்வொரு விளிம்பையும் மழுக்கிவிட்டால் ஆயுள் பல மடங்கு கூடும். கட்டைவிரல் நுனியும் சுட்டுவிரல் நுனியும் சரியாகச் சந்திக்கும்படி முடிச்சை இழுத்துக் கட்டுங்கள். மற்ற விரல்கள் கொஞ்சம் முன்பின் ஆனாலும் பாதகமில்லை. நுனிகளுக்கு, நோட்டு எண்ணும்போது மாட்டும் ரப்பர் உறை. அது இல்லாமல் பிளாஸ்டிக் விரலால் ஒரு பந்தைக்கூடப் பிடிக்க முடியாது.

அந்தக் கை பந்து பிடிக்கும், தண்ணீர் பாட்டில் பிடிக்கும், மிதிவண்டிப் பிடியில் ஊன்றும். பள்ளிப் பையைத் தூக்காது, மரம் ஏற உதவாது. இதைப் பெற்றோரிடம் அச்சடிக்கும் முன்பே சொல்லிவிடுங்கள். இன்னொன்றும் சொல்லுங்கள். பிடிஸ், சாவ் என்ற இருவர் 2007-இல் கால் நூற்றாண்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, உடலசைவால் இயங்கும் செயற்கைக் கைகளைக் குழந்தைகளில் சராசரியாக 45 விழுக்காட்டினரும் பெரியவர்களில் 26 விழுக்காட்டினரும் கைவிட்டிருந்தார்கள். பிறவியிலேயே விரலில்லாத பிள்ளை ஏற்கெனவே தன் வழியில் சட்டைப் பொத்தான் போடப் பழகியிருக்கும். அதற்குக் கை ஒரு விளையாட்டுச் சாமான் என்றால் விளையாட்டுச் சாமானாகவே இருக்கட்டும். பிடித்த நிறத்தில் செய்துகொடுங்கள், விழாவுக்கு மாட்டிவிட்டு மறுநாள் கழற்றி எறிந்தால் திட்ட வேண்டாமென்று அம்மாவிடம் சொல்லிவையுங்கள். வளர்கிற பிள்ளைக்கு வருஷம் ஒரு முறையாவது புதிதாக அச்சடிக்க வேண்டியிருக்கும். கால் கிலோ பிளாஸ்டிக்தான். வீட்டுப் பிரிண்டருக்கு உண்மையான பெருமை இங்கேதான் இருக்கிறது.

இந்த இருவரைப் பார்த்துவிட்டு மற்றவர்களும் உங்கள் பட்டறை வாசலுக்கு வருவார்கள். முன்கையோடு போனவர்கள் வந்தால் நீங்கள் செய்யாதீர்கள். அவர்களுக்கு ரோட்டரி முகாம்களில் இலவசமாகத் தரும் எல்.என்.-4 என்ற கை இருக்கிறது. முழங்கைக்குக் கீழே ஐந்து அங்குலமாவது மீந்திருக்க வேண்டும். அச்சில் வார்த்தது, நம் அடுக்குப் பிளாஸ்டிக்கைவிட வலுவானது. கடும் உழைப்புக்கு, டேவிட் டாரன்ஸ் 1912-இல் காப்புரிமை பெற்ற பிளவுக் கொக்கியை இன்றைக்கும் ஒன்றும் அசைக்கவில்லை. அதை அளவெடுத்துப் பொருத்தப் படித்தவர்கள் வேண்டும். சென்னை கே.கே.நகர் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையத்தில் செயற்கை அவயவம் செய்கிறார்கள். வேலூரிலும் செய்கிறார்கள். எங்கே போவதானாலும் முதலில் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை தேவை. க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சான்று, பிறகு தேனி ஆட்சியர் அலுவலக வளாகத்தில் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம். மாப்பிள்ளைக்கு இது இன்னும் ஆகவில்லையென்றால் பிரிண்டரைத் தொடும் முன் அதைச் செய்யுங்கள்.

பட்டறை வைத்திருப்பவர் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். யாருக்காவது விரல் துண்டானால், துண்டைச் சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு இறுகக் கட்டி, அந்தப் பையை ஐஸ் தண்ணீரில் வையுங்கள். விரல் நேராக ஐஸில் படக்கூடாது. குளிரில் வைத்த விரலுக்கு அவகாசம் கூடுதல். மதுரையிலும் கோவை கங்கா மருத்துவமனை போன்ற இடங்களிலும் மறுபடி ஒட்டிவைக்கும் அறுவை செய்கிறார்கள்.

இழப்பீடு பற்றி நீங்கள் எழுதவில்லை. தோட்டத்தில் வேலை நேரத்தில் நடந்த விபத்து என்றால் மாப்பிள்ளைக்கு அதில் உரிமை உண்டு. மேலே கேரளப் பக்கம் நடந்திருந்தாலும், தொழிலாளி குடியிருக்கும் இடத்து அதிகாரியிடமே மனு கொடுக்கப் பழைய சட்டத்தில் வழியிருந்தது. அந்தச் சட்டம் இப்போது சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்புக்குள் போய்விட்டதால் காலக்கெடுவை ஒரு வழக்கறிஞரிடம் இந்த வாரமே கேட்டுவிடுங்கள். நீங்கள் செய்துகொடுக்கும் கவசத்தைக் காட்டி, கைதான் வந்துவிட்டதே என்று தோட்டத்துக்காரர் பேரம் பேச இடம் கொடுக்காதீர்கள். ஊனத்தின் விழுக்காடு எலும்பைப் பார்த்துப் போடுவது, பிளாஸ்டிக்கைப் பார்த்து அல்ல.

கடைசியாகக் காசு. பொருளுக்கு ஆகும் செலவை வாங்கிக்கொள்ளுங்கள். முட்டுக் கவசம் பட்டி, தோல், போல்ட் எல்லாம் சேர்த்தும் ஆயிரத்துச் சொச்சத்துக்கு மேல் போகாது. கூலியை விட்டுக்கொடுப்பது உங்கள் இஷ்டம். ஆனால் பழுதுக்கு மட்டும் கண்டிப்பாகக் காசு வாங்குங்கள், ஐம்பதோ நூறோ. சும்மா வாங்கின கையில் நூல் அறுந்தால், சும்மா தந்தவரிடம் மறுபடி எப்படிப் போய் நிற்பது என்று கூச்சப்பட்டு அட்டாலியில் தூக்கிப் போட்டுவிடுவார்கள். காசு கொடுத்தால் உரிமையோடு வருவார்கள், போன தடவை நீ கட்டின முடிச்சு சரியில்லை என்றுகூடச் சொல்வார்கள். ஒவ்வொரு கையோடும் ஒரு சின்னப் பையில் நாலு ரப்பர், இரண்டு மீட்டர் நூல், இரண்டு போல்ட், ஒரு ஆலன் சாவி போட்டுக் கொடுத்துவிடுங்கள். டாப் ஸ்டேஷனிலிருந்து ஒரு போல்ட்டுக்காக யாரும் இறங்கி வர வேண்டியதில்லை.